நமுத்ததெல்லாம் அம்மாவுக்கு

"நீதாம்மா ஒளிச்சு வச்சு பிஸ்கட் குடுக்குற! வேற யாரு குடுப்பா?"

விடிந்தும் விடியாததுமாக மூத்தவன் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு கத்தினான். சின்னவனுக்கு ரத்தத்தில் சர்க்கரை குறையவில்லை, முன்னைவிட ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

"உன்னால முடியலேன்னா ஒத்துக்கோ. இவன மாதிரி ஆளுங்களை வச்சுப் பாத்துக்குற விடுதியில பேசிட்டேன். அவனை அங்க சேத்துடலாம்."

அம்மாவின் கையில் உடைத்த முட்டை அப்படியே நின்றது. எத்தனையோ பழி சுமந்தவள்தான். ஆனால் பெற்ற பிள்ளை வாயாலேயே இப்படியா!

சின்னவன் என்றால் சின்னப் பையன் இல்லை. அச்சகத்தில் தாள் அடுக்கும் வேலை பார்க்கிற வளர்ந்த ஆள். ஆட்டிசம் உள்ளவன். கொழகொழவென்று எது நாக்கில் பட்டாலும் குமட்டிவிடும். பிஸ்கட், வறுத்த உருளைக்கிழங்கு, முறுகச் சுட்ட ரொட்டி, இவைதான் அவன் சாப்பாடு. அதில் வந்து சேர்ந்தது சர்க்கரை நோய். மாவுப் பண்டங்களைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். பட்டினி போட்டால் தானாகத் தின்பான் என்றார்கள் உறவுக்காரர்கள். சொல்வதற்கு என்ன, வயிறு அவர்களுடையதா? அவன் பட்டினி கிடந்தானே தவிர, வாயைத் திறக்கவில்லை.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். முட்டையோடு ஒரு கரண்டி தண்ணீர் சேர்த்து அடித்து, தோசைக்கல்லில் மெல்லிசாக ஊற்றி, சிறு தீயில் தாள் மாதிரி கிளம்பும்வரை காயவிடுவாள். நடுநரம்பு நீக்கிய முட்டைக்கோஸ் இலையை மொறுமொறுவென்று வாட்டுவாள். கூடவே ஒரு கைப்பிடி வறுத்த கடலை. எதுவும் கையைக் கடிக்காத விலைதான். தடித்துப்போனதை, நடுவில் ஈரம் நின்றதை அவன் விரலாலேயே கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவான். அப்படி நமுத்ததெல்லாம் அம்மாவின் சாப்பாடு. ஒரு வருஷமாக அவள் வேறெதுவும் சரியாகச் சாப்பிட்டதில்லை.

சாயங்காலம் அவளுக்குச் சலவை நிலையத்தில் வேலை. அந்த வேளைக்கு மட்டும் மூத்தவனிடம் கல்லை ஒப்படைத்திருந்தாள். கையைப் பிடித்துக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

"அத்தை அப்படிச் செய்வாங்களா? என்ன பேச்சு பேசுறீங்க!" என்று மருமகள் பாத்திரத்தைப் போட்டுவிட்டு வந்தாள். நேராக, தட்டோடு உட்கார்ந்திருந்த சின்னவன் முன்னால் போய் நின்றாள். அந்த வீட்டில் எல்லோரும் அவனைப் பற்றிப் பேசுவார்கள். அவனிடம் கேட்பது யாருக்கும் தோன்றுவதில்லை.

"உனக்கு பிஸ்கட் யாருப்பா குடுக்குறா?"

"அண்ணன். சாயங்காலம்." அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அம்மாகிட்ட சொல்லாதேன்னான். நான் அம்மாகிட்ட சொல்லல. அண்ணி கேட்டீங்க, சொல்றேன்."

மூத்தவன் முகம் வெளுத்தது.

"ரெண்டு தடவை சுட்டேம்மா... துப்பிட்டான். வேலை முடிஞ்சு வந்த அலுப்பு... பிஸ்கட் குடுத்தா பேசாம இருந்தான். அப்புறம் சொல்ல பயந்துட்டேன்..."

"பிஸ்கட் குடுத்ததைக்கூட பொறுத்துப்பேன்டா! அலுப்பு யாருக்கு இல்ல?" அம்மாவின் குரல் உடைந்தது. "ஆனா தெரிஞ்சே என்னைக் குத்தவாளியா நிக்க வச்சியே... உன் தப்பை மறைக்க அவனையே வீட்டை விட்டு அனுப்பப் பாத்தியே! உன்னை நம்பித்தானேடா அடுப்பை விட்டுட்டுப் போனேன்!"

அவன் குலுங்கி அழுதபடி காலில் விழுந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். முடி கோதிவிடத் துடித்த கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"எழுந்திரு. மன்னிச்சுட்டேன்னு இன்னிக்கு என் வாயால வராது. கல்லு காயுது... போய் சுடு."

அவன் அழுதுகொண்டே ஊற்றினான். முதலாவது தடித்தது. சின்னவன் ஒதுக்கினான். இரண்டாவதில் நடுவே ஈரம். அதுவும் ஒதுங்கியது. பழக்க தோஷத்தில் அம்மா கை நீட்டினாள். மருமகள் தட்டை நகர்த்திக் கணவன் முன்னால் வைத்தாள்.

"இனிமே இது உங்களுக்கு!"

மூத்தவன் அதை எடுத்து வாயில் போட்டான். அந்தக் கொழகொழப்பைத் தொண்டைக்குள் தள்ளியபோது அவனுக்கே குமட்டியது. "இதையாம்மா நீ தினமும்..." என்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கல் பக்கம் திரும்பினான். அடுத்ததை மெல்லிசாக ஊற்றி, பொறுமையாகக் காயவிட்டான். சின்னவன் விரலால் தட்டிப் பார்த்தான். கடித்தான். மொறுக்கென்று சத்தம் கேட்டது.

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சின்னவன் தட்டைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மிச்சத்தைச் சரிபாதியாக உடைத்து அவள் பக்கம் நீட்டினான்.

"அம்மாவுக்கும் நல்லது ஒண்ணு."

ஒரு வருஷத்தில் முதல்முறையாக, அம்மா மொறுமொறுப்பாக ஒன்றைத் தின்றாள்.