பட்டியலில் நான்காவது

அந்த வீட்டில் வைஃபை பிடிக்கிற பொருட்கள் மூன்றுதான்: அவள் கைபேசி, மகளின் டேப்லெட், மூலையில் தூசி படிந்து கிடந்த பிரிண்டர். கேபிளில் இணைத்திருந்த மடிக்கணினியில் ரூட்டரின் பக்கத்தைத் திறந்தால், அங்கிருந்த பட்டியல் நான்கு என்றது. நான்காவதற்குப் பெயரில்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. எதிரே எண்பத்திரண்டு என்று ஓர் எண்.

எக்ஸ்ரே, ஸ்கேன் படங்களைப் பார்த்து அறிக்கை எழுதும் டாக்டர் அவள். ஆறு வயது மகளுக்குக் காய்ச்சல் என்பதால் மூன்று நாளாக வீட்டிலிருந்தே வேலை. படங்கள் இறங்க யுகமாகிறது என்று அவள் புலம்பியதைக் கேட்டுத்தான், போன வாரம் வந்திருந்த தம்பி, ரூட்டரை இயக்கக் கம்பெனி போட்டுக்கொடுத்த மென்பொருளை, அந்த ஃபர்ம்வேரை, தூக்கிவிட்டு இணையத்திலிருந்து வேறொன்றை எடுத்து ஏற்றிவிட்டுப் போனான். சில நாள் எல்லாம் சிட்டாய்ப் பறந்தது. இன்று காலையிலிருந்து மறுபடி இழுவை. என்ன கோளாறு என்று பார்க்கப் போய்த்தான் இந்தப் பட்டியல் கண்ணில் பட்டது.

வெளியே இரண்டு நாளாக விடாத மழை. பிற்பகல் மூன்று மணிக்கே விளக்குப் போடவேண்டியிருந்தது. சாத்திய ஜன்னல்களுக்குள் ஈரச் சுவரின் வாசமும் காய்ச்சல் மருந்தின் ஆரஞ்சு இனிப்பும் சூடேறிய பிளாஸ்டிக் நெடியும் ஒன்றாய்க் கலந்து, மூச்சை இழுத்தால் தொண்டையில் ஒட்டிக்கொள்கிற மாதிரி இருந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். கணவர் வந்துகொண்டிருந்த ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. வீட்டுக்குள் டவர் கிடைக்காது. வைஃபை வழியாகத்தான் யாரோடும் பேசமுடியும்.

தம்பியை அழைத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் ஓசியில் படம் பார்க்கிறார் போல என்று சிரித்தான். அந்த எண் என்ன என்று கேட்டாள்.

“தூரம்னு வச்சுக்கோக்கா. எண்பது தொண்ணூறுன்னா தெருவுல எங்கயோ. எண்ணு குறையக் குறைய கிட்ட வருதுன்னு அர்த்தம்.”

பாஸ்வேர்டை மாற்றிவிடு, தானாகக் கழன்றுவிடும் என்றான். மாற்றினாள். அவள் கைபேசி, டேப்லெட், பிரிண்டர் மூன்றும் பட்டியலை விட்டு விழுந்தன. நட்சத்திரம் அசையவில்லை. எழுபத்தொன்று.

புதிய பாஸ்வேர்டைப் போட்டுக் கைபேசியை மறுபடி இணைத்தாள். பட்டியலை அதிலேயே திறந்து வைத்துக்கொண்டு, தன் எண்ணைப் பார்த்தபடி வீட்டை ஒரு சுற்று நடந்தாள். வேலை அறையில் ரூட்டர் பக்கத்தில் பத்து. மகளின் கட்டிலருகே, சுடும் நெற்றியைத் தொட்டு நின்றபோது ஐம்பத்திரண்டு. கூடத்தின் நடுவில் அறுபது. வாசல் கதவில் அறுபத்தாறு.

அப்போது நட்சத்திரத்தின் எண்ணைப் பார்த்தாள். அதுவும் அறுபத்தாறு.

கதவின் துளை வழியே பார்த்தாள். படிக்கட்டு காலியாக இருந்தது. உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. அவள் திரும்பி வேலை அறைக்கு வந்து உட்கார்வதற்குள் அது அறுபது ஆகியிருந்தது.

இந்த முறை தம்பி சிரிக்கவில்லை. ஃபர்ம்வேரில்தான் ஏதோ கோளாறு, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்று என்றான். ஐந்து நிமிஷம் ஆகும்; நடுவில் கரண்ட்டைப் பிடுங்கினால் ரூட்டர் செங்கல்லுக்குச் சமம்.

“ஏத்தி முடிச்சதும் வைஃபை அணைஞ்சுதான் இருக்கும். நீயாப் போட்டாத்தான் வரும். அதனால எதுவுமே ஒட்டியிருக்க முடியாது, சரியா? பயப்படாதக்கா, நான்…”

அவள் பொத்தானை அழுத்தியிருந்தாள். பேச்சு அறுந்தது.

ரூட்டரின் பச்சை விளக்கு படபடவென்று துடித்தது. ஐந்து நிமிஷம். மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் கேட்கிற மாதிரி இருந்தது. ஈரப் பாதம் தரையிலிருந்து ஒட்டிப் பிரிகிற சத்தம், ஒன்று, பிறகு நெடுநேரம் கழித்து இன்னொன்று. எழுந்து போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. பார்க்கத் தோன்றாததை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

விளக்கு நிலைத்தது. ரூட்டரோடு கேபிளில் கட்டியிருந்த கணினியில் பக்கம் மறுபடி திறந்தது. வைஃபை: அணைக்கப்பட்டுள்ளது.

பட்டியலில் ஒன்றே ஒன்று. நட்சத்திரம். ஐம்பத்திரண்டு.

ஐம்பத்திரண்டு மகளின் கட்டில்.

எப்படி ஓடினாள் என்று அவளுக்குத் தெரியாது. அறையில் யாருமில்லை. திரைச்சீலை அசையவில்லை. குழந்தை கொதிக்கிற உடம்போடு அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது. போர்வையோடு வாரித் தோளில் போட்டுக்கொண்டு வேலை அறைக்கு வந்து, தாழ்ப்பாள் போட்டு, மேசையைக் கதவோடு தள்ளி, மூலையில் இருந்த சிறு கட்டிலில் கிடத்தினாள். கணினியை எடுத்து மடியில் வைத்தாள்.

இருபத்துநான்கு.

பின்னாலேயே வந்துவிட்டது. கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ரூட்டரைப் பிடுங்கிவிடலாம். பிடுங்கினால் அது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் போய்விடும்.

“அம்மா இங்கதான் இருக்கேன்டா,” என்றாள். குழந்தை கேட்கவில்லை.

நெடுநேரம் எண் மாறவில்லை. நிற்கிறதா, போய்விட்டதா? ரூட்டரைக் கையில் எடுத்து, வயர் எட்டும்வரை கதவை நோக்கி நீட்டினாள். எண் குறையும் என்று நினைத்தாள்.

முப்பத்தொன்று.

கூடியது.

ஜன்னல் பக்கம் திருப்பினாள். முப்பத்துமூன்று. மழை மட்டும். மெல்ல, மிக மெல்ல, கட்டிலை நோக்கிக் கையைக் கொண்டுவந்தாள்.

பதினெட்டு.

உள்ளே எது எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவள் பிழைப்பு. கை தானாகவே அந்த வேலையைச் செய்தது. பாதம், பதினாறு. முழங்கால், பன்னிரண்டு. வயிறு, ஏழு.

வேண்டாம்.

நெஞ்சு. நான்கு.

கதவு மேசைக்குப் பின்னால். தாழ்ப்பாள் அவளே போட்டது.

தொண்டை. ஒன்று.

மகளின் கண்கள் மூடியபடியே இருந்தன. மூச்சு சீராக வந்தது. தூக்கத்தில் உதடுகள் பிரிந்தன. பற்களுக்குப் பின்னாலிருந்து ஒரு விரல், நனைந்து வெளுத்த, வளர்ந்த ஆளின் விரல், வெளியே வந்து கீழுதட்டின் மேல் நிதானமாக ஊர்ந்தது, இருட்டில் சுவரைத் தடவி சுவிட்சைத் தேடுகிறவரைப் போல.