நாற்பத்தெட்டு கிலோ

ஆஸ்பத்திரியின் பழைய கட்டடத்தைப் பூட்டி இன்றோடு ஒன்பது நாள். நோயாளிகளையெல்லாம் பக்கத்துக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். மதியம் மூன்று மணிக்கு, தோளில் பையோடு பின்வாசலில் வந்து நின்றான் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதிலிருந்தே பைக்குள் ஸ்பேனர் இல்லாமல் அவன் வெளியே போனதில்லை. அதனால் ஊருக்கே அவன் பெயர் ஸ்பேனர்தான்.

காவலாளி சாவியைக் கொடுத்துவிட்டு உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"சீக்கிரம் வந்துருங்க தம்பி. திங்கக்கிழம விசாரணைக்காரங்க வந்து எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறாங்களாம்."

"ஒரு ஃபைலப் பாக்கணும், அவ்வளவுதான். அரை மணி நேர வேலை."

அரை மணி நேர வேலைதான். மனசுக்குத்தான் அது அரை மணி நேரமாக இல்லை. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். ஸ்பேனரின் மடியில் இருந்த கனம் ஒரு சின்ன வயர்த்துண்டு.

அந்தக் கட்டடத்து லிஃப்ட் கதவு பூட்டிக்கொண்டால்தான் நகரும். மூன்றாம் தளக் கதவின் பூட்டு சரியாக விழாமல் தகராறு செய்தது. பழுது பார்க்கும்போது, பூட்டு விழுந்துவிட்டதாக லிஃப்ட்டை ஏமாற்ற ஒரு வயரைக் குறுக்கே போடுவது எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். வேலை முடிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். ஸ்பேனர் சாப்பிடப் போனான். திரும்பி வந்தபோது வேறொரு இடத்திலிருந்து அவசரமாகக் கூப்பிட்டார்கள், போய்விட்டான். வயர் அப்படியே இருந்தது.

அன்று நாலு மணி வாக்கில், வார்டுத் துணிகளைச் சலவைக்குக் கொண்டுபோகும் அம்மா மூன்றாம் தளத்துக் கதவை இழுத்தாள். கதவு திறந்தது. எப்போதும்போல் துணி வண்டியை இழுத்துக்கொண்டு, பின்பக்கமாகவே உள்ளே கால் வைத்தாள். அங்கே லிஃப்ட் இல்லை. வண்டி வாசலிலேயே நின்றுவிட, அவள் மட்டும் கீழ்த்தளத்தில் நின்றிருந்த லிஃப்ட்டின் கூரைமேல் போய் விழுந்தாள். அந்தப் பக்கம் ஆள் நடமாட்டம் கிடையாது. ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் பார்த்தார்கள், அப்போது உயிர் இல்லை.

அவளைப் பொடிநடையம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அவளுடைய வண்டியின் ஒரு சக்கரம் கிறீச் கிறீச் என்று கத்தும். ஸ்பேனரைப் பார்க்கும்போதெல்லாம், "ஒரு சொட்டு எண்ணெய் விடுப்பா, ராசா" என்பாள். "நாளைக்கும்மா" என்பான் அவன். ஒரு வருஷமாக நாளைக்குத்தான்.

பராமரிப்பு ஏட்டில் கையெழுத்து மாமாவுடையது, அதாவது அக்காவின் கணவருடையது. ஸ்பேனருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவரும் அவரே. போலீஸார் அவரைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள்.

"ஒம் மாமா அந்த வயரத் தொடவேயில்லையாம்டா" என்று அக்கா அழுதாள். "யாரு எப்ப என்ன பண்ணாங்கன்னு அந்த லிஃப்ட் கம்ப்யூட்டர்ல ஒரு ஃபைல் இருக்காம்ல? அத மட்டும் எடுத்துட்டு வாடா. எனக்கு ஒன்னவிட்டா யாரு இருக்கா?"

எடுத்துத் தருகிறேன் என்று சொல்லித்தான் வந்தான். தன் குறியீட்டு எண் பதிந்த ஒரே ஒரு வரியை அழித்துவிட்டு.

மொட்டைமாடியை ஒட்டிய மோட்டார் அறைக்குப் படியேறினான். லிஃப்ட்டின் மெயின் சுவிட்சை அணைத்து, அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி மின்சாரம். திரையில் ஒரே வரி.

தளம்: 0. எடை: 48.

காலி லிஃப்ட்டுக்கு எடை பூஜ்யம் காட்ட வேண்டும். எடைக்கருவி கெட்டுப்போயிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஃபைலைத் திறந்தான்.

'இந்தக் கோப்பை வேறொரு நிரல் பயன்படுத்துகிறது. திறக்க இயலாது.'

லிஃப்ட்டின் நிரல்தான் பிடித்துவைத்திருக்கும் என்று அதை மூடினான். எடை காட்டிய வரி மறைந்தது. மறுபடி திறந்தான். அதே பதில். கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டான். அதே பதில். என்னென்ன நிரல்கள் ஓடுகின்றன என்று பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். அந்த ஃபைலைத் தொடுகிற நிரல் ஒன்றுமே இல்லை.

ஆனாலும் யாரோ பிடித்திருந்தார்கள்.

திறக்கத்தான் விடவில்லை, நகலெடுக்க விட்டது. பென் டிரைவில் ஏற்றிக்கொண்டான். வீட்டில் வைத்து அழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தபோது, மூடியிருந்த நிரல் தானாகத் திறந்தது.

தளம்: 0. எடை: 48.

தளம்: 1.

மோட்டாரைத் திரும்பிப் பார்த்தான். அது சுற்றவில்லை. கையை வைத்தான், சில்லென்றிருந்தது. கம்பிவடம் அசையவில்லை.

தளம்: 2.

சலவைச் சோப்பும் ஈரத்துணியும் கலந்த வாடை, கம்பிவடம் இறங்கும் தரைத் துவாரம் வழியே மேலே வந்தது.

தளம்: 3. அங்கே மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

கிறீச்.

தளம்: 4.

கிறீச். கிறீச்.

பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு, பிடரியில் கால்பட ஓடினான். ஐந்தாம் தளத்தைத் தாண்டும்போது லிஃப்ட் கதவுப் பக்கம் தலையைத் திருப்பவேயில்லை. காவலாளி ஏதோ கேட்டார். சாவியை அவர் மடியில் எறிந்துவிட்டுத் தெருவுக்கு வந்த பிறகுதான் மூச்சு விட்டான்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனான். இரண்டாவது மாடி, படி மட்டும்தான். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது அன்றைக்கு அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வழியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பத்துத் தடவை முயன்றுவிட்டான். நகலும் பூட்டிக்கிடந்தது. ஒருவகையில் நல்லதுதான், பொய் சொல்ல வேண்டியதில்லை.

"தொறக்க மாட்டேங்குதுக்கா. பூட்டியிருக்கு. நீயே பாரு."

லேப்டாப்பை மேசைமேல் வைத்து அவளுக்கு முன்னாலேயே தட்டினான். 'வேறொரு நிரல் பயன்படுத்துகிறது. திறக்க இயலாது.'

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தள்ளு" என்று சொல்லி, அதே பொத்தானைத் தட்டினாள்.

ஃபைல் திறந்தது.

அக்கா விரலை வைத்து, எழுத்துக்கூட்டுவதுபோல் படித்தாள்.

"பன்னண்டு இருவது. கதவுப் பூட்டுத் தவிர்ப்பு. மூனாம் தளம். குறியீட்டு எண் பதினேழு." நிமிர்ந்தாள். "ஒம் மாமா நம்பரு ஒம்போதுல்ல? பதினேழு யாருடா?"

மேசையில் அவன் பை இருந்தது. மெக்கானிக்குகள் பை மாறாமல் இருக்கத் தங்கள் குறியீட்டு எண்ணை எழுதி வைப்பார்கள். வெள்ளைப் பெயின்ட்டில் பெரிதாகப் பதினேழு.

அக்கா அந்தப் பையையே பார்த்தாள். பிறகு அடுத்த வரிகளுக்குப் போனாள்.

"நாலு பத்து, எடை நாப்பத்தெட்டு. அப்புறம் நாப்பத்தேழு. நாப்பத்தொம்போது. நாப்பத்தேழு... இது ஏன்டா இப்படி மாறிக்கிட்டே இருக்கு?"

அவனுக்குத் தெரியும். கூரைமேல் கிடந்தவள் அசைந்திருக்கிறாள். எழுந்திருக்கப் பார்த்திருக்கிறாள். ஐந்து மணிவரை அசைந்திருக்கிறாள். அதற்குப் பிறகு வரிக்கு வரி நாற்பத்தெட்டுதான்.

"அக்கா... நான் மறந்துட்டேன்க்கா. வேணும்னு பண்ணல."

"இத நான் அவங்ககிட்டக் குடுக்கத்தான் போறேன்" என்றாள் அக்கா. அவள் விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. கடைசிப் பக்கத்தில் போய் நின்றது.

"இது என்னடா, இன்னிக்குத் தேதி போட்டிருக்கு? இப்பத்த மணி."

ஸ்பேனர் குனிந்து பார்த்தான். அவன் பார்க்கப் பார்க்க வரி நீண்டது.

தளம்: 0. எடை: 48.

தளம்: 1. எடை: 48.

படிக்கட்டில் சோப்பு வாடை.

"யாருடா அது, இந்த நேரத்துல வண்டியத் தள்ளிக்கிட்டு மாடியேறுறது?" என்றாள் அக்கா.

தளம்: 2. எடை: 48.

கிறீச் சத்தம் வாசலுக்கு வெளியே வந்து நின்றது. வீட்டுக்குள் வந்ததும் தாழ்ப்பாளைத் தானே போட்டது ஸ்பேனருக்கு நன்றாக நினைவிருந்தது. திரையில் இன்னொரு வரி எழுதப்பட்டது.

கதவு: பூட்டு இல்லை.