தோராசர் கோட்டைத் திருப்பம்

"கிர்தாரி, ஹீராராம் மகனே, வண்டி கிளம்புது, ஏறு" என்று பேமாராம் கூப்பிட்டதும் ஜீப்பின் பின்பக்கம் ஓர் அங்குலம் கீழே இறங்கியது.

கிர்தாரி செத்து அன்றைக்கு நான்காம் நாள்.

பின்படியில் கால் வைத்து யாராவது ஏறி உட்கார்ந்தால் ஸ்பிரிங் போடும் முனகல்தான் அது. கோட்டை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களைப் பத்து வருடமாக ஏற்றி இறக்குகிறவன் பேமாராம். அந்த முனகலைக் கேட்டே, ஏறியவர் ஒல்லியா குண்டா என்று திரும்பிப் பாராமல் சொல்லிவிடுவான். இப்போது ஏறியவர் ஒல்லி. வாசலில் நின்ற அம்மா முக்காட்டுக்குள் அழுதுகொண்டிருந்தாள், அவள் கவனிக்கவில்லை. முன்சீட்டில் இருந்த அக்காள் புருஷன் கேத்தாராமும் கவனிக்கவில்லை, அவர் பீடி பற்றவைப்பதில் மும்முரமாக இருந்தார். அவர் கழுத்தில் சிவப்புத் துணிப்பை ஒன்று தொங்கியது. கிர்தாரியின் எலும்புகள், சாம்பலிலிருந்து பொறுக்கிப் பாலில் கழுவி அதில் கட்டியிருந்தன. ஹரித்வார் போய்க் கங்கையில் சேர்க்க இரண்டு நாள் பயணம்.

எங்கள் பக்கத்து வழக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பை தரையில் படக் கூடாது. வண்டி எங்கே நின்றாலும், திரும்பக் கிளம்பும்போது செத்தவனைப் பேரும் அப்பன் பேரும் சொல்லி ஏறச் சொல்ல வேண்டும். நாற்சந்தி வந்தால் சொல்ல வேண்டும், பாலம் வந்தால் சொல்ல வேண்டும். மறந்தால் அவன் அங்கேயே நின்றுவிடுவான், எலும்பு மட்டும் கங்கை போய்ச் சேரும். பேர் சொல்லாமல் பொதுவாகக் கூப்பிடவும் கூடாது. இந்த மணலில் கேட்பாரில்லாமல் செத்தவர்கள் கொஞ்சநஞ்சம் பேரா? யார் காதில் போய் விழும் என்று யார் கண்டது!

பேமாராமுக்கு அன்றைக்கு இருந்த எண்ணம் ஒன்றே ஒன்றுதான். தம்பியை வழியில் விட்டுவிடக் கூடாது. இந்தத் தடவை விடவே கூடாது.

டீக்கடையில் நின்று கிளம்பியபோது கூப்பிட்டான். ரயில்வே கேட்டில் கூப்பிட்டான். தண்ணீரே பார்க்காத ஆற்றின் பாலத்தில் கூப்பிட்டான். வண்டி நின்ற இடத்திலெல்லாம் பின்பக்கம் ஒருமுறை எழும்பியது, கூப்பிட்டதும் ஓர் அங்குலம் இறங்கியது. நடுக் கண்ணாடியில் பார்த்தால் எதிரெதிரே இரண்டு பெஞ்சும் காலிதான். ஆனால் நெல்லிக்காய் எண்ணெய் வாசனை வந்தது. கிர்தாரி அந்த எண்ணெயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் வெளியே கிளம்புவான். பேமாராமுக்குப் பயம் வரவில்லை. வந்துவிட்டானே, கோபமில்லாமல் வந்துவிட்டானே என்று இருந்தது.

"இன்னும் சத்தமாக் கூப்பிடு மாப்ளே. அவன் உயிரோட இருக்கறப்ப ஒரு சத்தம் போட்டா ஒன்பதாவது சத்தத்துக்குத்தான் திரும்புவான்" என்றார் கேத்தாராம்.

"திரும்பிட்டான் மச்சான்" என்றான் பேமாராம்.

கேத்தாராம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, பூண்டுத் துவையல் தடவிய கம்பு ரொட்டியில் பாதியைப் பிய்த்து நீட்டினார். "ராத்திரி தூங்கினியா, இல்லையா? இதைத் தின்னு. வெறும் வயித்துல ஓட்டி என்னையும் பையில கட்ட வெச்சுடாதே."

பொக்ரான் கோட்டை இடது பக்கம் கடந்து போனது. அங்கேதான், வண்டியில் வழிகாட்டியாக வந்த கிர்தாரி முதன்முதலாக வாய் திறந்து வெள்ளைக்காரர்களுக்குக் கதை சொல்ல ஆரம்பித்தான். அவன் கையில் எந்தக் கோட்டை அகப்பட்டாலும் அதில் ஒரு ராணி ஜன்னல் வழியாகக் குதித்துச் செத்திருப்பாள். "ஜன்னல்னு ஒண்ணு இருந்தா ராணி குதிச்சாகணும் அண்ணே. இல்லேன்னா வெள்ளைக்காரி கண்ணு எப்படிக் கலங்கும்?" என்பான். பேமாராமுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலிருந்து எண்ணெய் வாசனை ஒருமுறை பலமாக வீசியது.

பொக்ரானைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், போலீஸ்காரர் கை காட்டி நிறுத்தினார். காற்றாலை இறக்கை ஏற்றிவந்த லாரி ஒன்று சாலைக்குக் குறுக்கே சாய்ந்து கிடந்தது. அந்த இறக்கை நாலு வீட்டு நீளம் இருந்தது.

"தோராசர் வழியாப் போயிடு. கோட்டைத் திருப்பம் தாண்டினா மறுபடியும் மெயின் ரோடு" என்றார் போலீஸ்காரர்.

பேமாராமின் கை ஸ்டீயரிங்கில் வழுக்கியது. "எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லீங்க. நாங்க இங்கயே நிக்கறோம்."

"எலும்பைக் கழுத்துல கட்டிக்கிட்டு நடு வெயில்ல நிக்கறதாவது? உனக்கென்ன கிறுக்கா?" கேத்தாராம் அதட்டினார். "திருப்புடா."

திருப்பினான்.

தோராசர் சாலைக்குச் சாலை என்று பேர்தான். பாதி தார், பாதி மணல். ஆனி மாதத்து உச்சி வெயிலில் நிழல்களெல்லாம் வன்னி மரங்களின் அடியில் போய் ஒடுங்கிக்கொண்டிருக்க, அனல்காற்று மணலைத் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போக, எருக்கஞ்செடிகூட இலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்க, ஒரு காக்கை இல்லை, ஓர் ஆடு இல்லை, வண்டியின் இரைச்சலைத் தவிர உலகத்தில் வேறு சத்தமே இல்லை என்று தோன்றியது. தூரத்தில் கோட்டை தெரிந்தது. மேலே இடிந்த சுவர், கீழே செத்துப்போன ராஜாக்களுக்குக் கட்டிய குடைமண்டபங்கள் ஏழெட்டு.

நாலு நாளைக்கு முன்னால் இதே வெயிலில் இதே சாலையில் வந்தார்கள். பின்னால் நாலு வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு நடுவில் கிர்தாரி. அன்றைக்கு அவன் சொன்ன கதையில் ராணி குதிக்கவில்லை. ராஜா விட்ட குறட்டை தாங்காமல் மூட்டை கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஒருத்தி பேமாராமின் முதுகைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். அவன் மனைவி பிறந்த வீட்டுக்குப் போய் அப்போது எட்டு மாதம். அவர்கள் பாஷை அவனுக்கு முழுதாகத் தெரியாது. தெரிந்த மட்டுமே போதுமாக இருந்தது.

கோட்டைத் திருப்பத்தில் முள் கிளை ஒன்று சாலையில் கிடந்தது. அதை இழுத்துப் போட கிர்தாரி இறங்கினான். பேமாராம் வண்டியைக் கிளப்பிவிட்டான். பக்கக் கண்ணாடியில் தம்பி சிரித்துக்கொண்டே ஓடிவந்தான். பிறகு சிரிக்காமல் ஓடிவந்தான். "நடந்து வாடா ராஜா" என்று சொல்லிக்கொண்டு பேமாராம் ஆக்சிலேட்டரை மிதித்தான். ஒரு மணி நேரம் காயட்டும், திரும்பி வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தான். வெள்ளைக்காரர்கள் மணல்மேட்டில் சூரியன் இறங்குகிறவரை உட்கார்ந்துவிட்டார்கள். இருட்டில் திரும்பி வந்தபோது திருப்பத்தில் அவனைக் காணோம். மறுநாள் விடிந்த பிறகுதான் கிர்தாரி கிடைத்தான், கோட்டைச் சுவரோடு ஒட்டி, முகத்தைக் கல்லில் பதித்து. நிழலைத் தேடிப் போயிருக்கிறான். பேமாராம் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான்: கோட்டையில் யாரையோ பார்க்கணும்னு அவனே இறங்கிக்கிட்டான்.

"மாப்ளே" என்றார் கேத்தாராம். பீடி அணைந்து வெகுநேரமாகியிருந்தது. "வண்டியைக் கழுவினது உங்க அக்கா. அவன் தண்ணி பாட்டில் சீட்டுக்கடியிலயே கிடந்துச்சாம். நிறைய. மூடிகூடத் திறக்கலியாம்."

பேமாராம் சாலையையே பார்த்து ஓட்டினான்.

"நான் ஒண்ணும் கேக்கல. சும்மாதான் சொன்னேன்."

முன்னாலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. வண்டி தானாகவே தளர்ந்து, உருண்டு, கோட்டைத் திருப்பத்தில் போய் நின்றது.

பின்பக்கம் ஓர் அங்குலம் எழும்பியது. எண்ணெய் வாசனை இல்லாமல் போயிற்று.

கேத்தாராம் பையை ஒரு வன்னிக் கிளையில் மாட்டிவிட்டு மண்டபங்களின் பக்கம் ஒதுங்கப் போனார். பேமாராம் கேனை எடுத்துத் தண்ணீர் ஊற்றினான். பாதி வெளியே கொட்டியது. கொட்டியதை மணல் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவன் கோட்டைச் சுவர் பக்கம் திரும்பவே இல்லை. கேத்தாராம் வந்து பையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டதும் எஞ்சினைக் கிளப்பினான்.

"கிர்தாரி, ஹீராராம் மகனே, வண்டி கிளம்புது, ஏறு."

பின்பக்கம் அசையவில்லை.

மறுபடி கூப்பிட்டான். அசையவில்லை.

"அதான் கூப்பிட்டாச்சுல்ல? எடு."

"இன்னும் ஏறல மச்சான்."

"யாருடா?"

பேமாராம் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தான். கேத்தாராம் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கப்புறம் அவர் வாயிலிருந்து கேலி வரவில்லை.

பேமாராம் இறங்கினான். கோட்டையைப் பார்த்துக் கூப்பிட்டான். சுவர் அவன் குரலை வாங்கி வைத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை. மூன்று தடவை, நான்கு தடவை, ஏழு தடவை. எப்படி ஏறுவான்? இதே இடத்தில்தானே அண்ணன் அவனை விட்டுவிட்டுப் போனான். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுகிறான்? எட்டாவது தடவை குரல் உடைந்தது. பேர் நாக்கில் ஏறவில்லை.

"டேய்… தம்பி… தப்புதான்டா. வந்துடுடா. வா, வந்து ஏறிக்கோடா."

பின்னால் ஸ்பிரிங் முனகியது.

திரும்பிப் பார்த்தான். அவன் கண்ணெதிரே ஜீப்பின் பின்பக்கம் தாழ்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. ஓர் அங்குலத்தில் நிற்காமல் நாலு விரற்கடை தாழ்ந்து நின்றது. அவனுக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. வந்துவிட்டான்! கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து ஏறினான், கியரைப் போட்டான், வண்டி நகர்ந்தது.

"ஏன் இப்படி இழுக்குது?" கேத்தாராம் கேட்டார். குரல் எழும்பவில்லை.

அப்போதுதான் வாசனை வந்தது. நெல்லிக்காய் எண்ணெய் இல்லை. நூறு வருடம் மூடிக் கிடந்த கிணற்றின் அடிமண் வாசனை. அந்த வெயிலில், ஈர மண் வாசனை.

பேமாராம் பக்கக் கண்ணாடியைப் பார்த்தான்.

திருப்பத்தில் கிர்தாரி நின்றிருந்தான். அதே நீலச் சட்டை. கோட்டைச் சுவரிலிருந்து அப்போதுதான் வந்து சேர்ந்தவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். வந்துகொண்டுதான் இருந்திருக்கிறான். கொஞ்சம் மெதுவாக வந்திருக்கிறான், அவ்வளவுதான்.

கையைத் தூக்கினான். ஓட ஆரம்பித்தான்.

பேமாராமின் கால் பிரேக்குக்குப் போனது.

சாவுக்கு மழித்த பிடரியில் மூச்சுப் பட்டது. குளிர்ந்த மூச்சு.

"போ."

கிர்தாரியின் குரல் இல்லை. தெரிந்த யாருடைய குரலும் இல்லை. வெகு நாளாகப் பேசாத வாய். சொல்லோடு மணல் உதிர்ந்து அவன் சட்டைக் காலருக்குள் விழுந்தது.

கேத்தாராம் அசையவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தார். உதடு மட்டும் ராம், ராம் என்று அசைந்தது.

கண்ணாடியில் தம்பி ஓடிவந்துகொண்டிருந்தான். கிட்டே. இன்னும் கிட்டே. பத்து அடி. பிரேக்கில் கால். அழுத்தினால் போதும்.

பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது. உட்கார்ந்திருந்தது எழுந்து முன்னால் வந்தது.

கால் ஆக்சிலேட்டரை மிதித்தது.

மெயின் ரோடு நாற்சந்தி வந்தது. அங்கே லாரிகள் போயின, டீக்கடையில் ரேடியோ பாடியது, ஒரு கிழவர் ஒட்டகத்தைத் திட்டிக்கொண்டிருந்தார். பேமாராம் வண்டியை நிறுத்தினான். நடுக் கண்ணாடியை எப்போதோ மேலே திருப்பி வைத்துவிட்டிருந்தான். கூரைத் துணி மட்டும் தெரிந்தது. இப்போது கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் நாற்சந்தியைத் தாண்டக் கூடாது.

"கூப்பிடு மாப்ளே" என்றார் கேத்தாராம், கண்ணைத் திறக்காமல். அவர் அழுதுகொண்டிருந்தார். "ஏறினதைக் கூப்பிட்டுடு. நமக்கும் பிள்ளைகுட்டி இருக்கு."

பேமாராமுக்குப் புரிந்தது. கங்கையில் முழுக்கு, எள்ளும் தண்ணீரும், பிண்டம், பன்னிரண்டாம் நாள் வீட்டில் வைக்கும் முதல் கவளம், அம்மா தினமும் ஏற்றப்போகும் விளக்கு. எல்லாம் இந்தப் பேருக்குத்தான். இந்தப் பேருக்கு யார் பதில் சொல்கிறார்களோ அவர்களுக்குத்தான். வாயைத் திறந்தான்.

"கிர்தாரி…"

"ம்" என்றது பின்னால்.

"ஹீராராம் மகனே…"

"ம்."

"வண்டி கிளம்புது."

பெஞ்சில் அது சௌகரியமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. பேமாராம் கியரைப் போட்டான். பக்கக் கண்ணாடியில் தோராசர் சாலை கோடு போட்ட மாதிரி நீண்டு கிடந்தது. அதன் கடைசியில், கானலுக்குள், நீலச் சட்டை ஒன்று வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு நடந்து வந்துகொண்டிருந்தது.