நாலாவது கப்

“நாலாவதா ஒரு கப்பா? யாரு வச்சது?”

“நீங்கதான் சார் வச்சிருப்பீங்க. இல்லன்னா ஊத்துற அக்கா.”

“அந்தம்மா இன்னைக்கு லீவு. கால் பிசகிடுச்சாம். காலையிலிருந்து நான்தான் அந்தப் பக்கம் உக்காந்து ஊத்திக்கிட்டிருக்கேன். மூணு கப் வச்சேன். என்னைக்குமே மூணுதானே?”

“மூணு வந்துச்சு. ரெண்டாவதுதான் வேறன்னு பட்டனை அழுத்தினேன். கதவு மூடிச்சு. அப்புறம் மறுபடி திறந்து இன்னொண்ணு வந்துச்சு.”

“சரி, என்ன ருசி?”

ருசி என்ன என்று சொல்வதுதான் அவள் வேலை. அந்த எனர்ஜி டிரிங்க் கம்பெனி அவளைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்ததும், மொத்த அலுவலகமும் அவளை ‘நாக்கு’ என்று கூப்பிட்டதும் அதனால்தான். காபீனின் கசப்பைச் சர்க்கரைக்கு அடியிலிருந்தும், வைட்டமின்களின் மருந்துக்கடை வாடையைப் பழ எசென்ஸுக்குப் பின்னாலிருந்தும் அவளால் தனித்தனியாகப் பிரித்து எடுக்க முடியும். ஆனால் அந்த நாலாவது கப்பில் அவற்றில் எதுவும் இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது. நன்றாகத் தூங்கி எழுந்தவர்களின் வாயில், பல் தேய்ப்பதற்கு முன்னால் இருக்குமே, அந்த மந்தமான சுவை. அதோடு தலையணை உறையின் வாடை. அவள் அந்தச் சுவையை மறந்தே போயிருந்தாள். எப்போதோ காணாமல் போன சொந்தக்காரரைக் கூட்டத்தில் பார்த்ததுபோல் சட்டென்று அடையாளம் தெரிந்தது.

“ஒண்ணும் ருசியில்ல சார். வெறும் தண்ணி.”

“துப்பிட்டியா?”

“துப்பிட்டேன்.”

பொய். அவள் விழுங்கியிருந்தாள். கொஞ்ச காலமாக எல்லாவற்றையுமே விழுங்கிக்கொண்டிருந்தாள்.

அவள் சுவை பார்க்கும் அறைக்குக் கூண்டு என்று பெயர். ஒருவர் உட்காரும் அகலம்தான், ஜன்னல் கிடையாது. பானத்தின் நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாந்துவிடக் கூடாது என்பதற்காக மேலே ஒரு சிவப்பு விளக்கு. அதன் கீழே சொந்தக் கையே தோலுரித்த கை போலத் தெரியும். எதிர்ச்சுவரில் ஒரு சின்னத் தள்ளுகதவு. அது மேலே ஏறும், மறுபக்கத்திலிருந்து ஒரு கை மூன்று கப்புகளை நகர்த்தி வைக்கும், கதவு இறங்கும். மூன்றில் இரண்டு ஒன்றுபோல, ஒன்று வேறு. வேறானது எது என்று சொல்ல வேண்டும். சுற்று முடியும்வரை ஊற்றுகிறவரும் சுவைப்பவரும் முகம் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது. முகம் தெரிந்தால் விடையும் தெரிந்துவிடும். இன்னொரு விதியும் உண்டு. விழுங்கக் கூடாது. வாயில் உருட்டிவிட்டுப் பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட வேண்டும்.

குழந்தை வீட்டுக்கு வரும்வரை அவளும் துப்பிக்கொண்டுதான் இருந்தாள்.

அவன் அவசரக்காரன், நாள் ஆகுமுன்பே பிறந்துவிட்டவன். தூங்கும்போது சில சமயம் மூச்சு விட மறந்துவிடுவான். மருத்துவமனையில் அவனுக்குக் கொடுத்ததும் காபீன் சொட்டுதான். வீட்டுக்கு அனுப்பும்போது நிறுத்திவிட்டார்கள். “வளர வளரச் சரியாயிடும்மா. அதுவரைக்கும் அவன் தூங்குறப்ப யாராவது முழிச்சிருங்க. மூச்சு நின்னா உள்ளங்காலைத் தட்டுங்க, போதும்” என்றார் டாக்டர். ‘போதும்’ என்ற சொல்லை அவர் எவ்வளவு லேசாகச் சொன்னார்! கணவன் கப்பலில் இருந்தான். பகலில் நாத்தனார் பார்த்துக்கொண்டாள். மற்ற நேரமெல்லாம் அவள். அந்த அறையில் விளக்கை அணைப்பதே இல்லை. மார்பு ஏறி இறங்குவது தெரிய வேண்டும். அது சரியாகத் தெரியாதபோது அவன் மூக்கின் கீழே விரலை வைத்துப் பார்ப்பாள். பூனைக்குட்டி முகர்வதுபோல ஒரு சின்ன சூடு வந்து விரலில் மோதும். கொஞ்ச நாட்களாக அந்தச் சூடு விரலுக்குத் தெரியவில்லை. மேலுதட்டை அவன் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்த்தான் மூச்சைத் தேடினாள்.

இடைவேளையில், அன்றைக்கு ஊற்றிக்கொண்டிருந்த கெமிஸ்டிடம் கேட்டாள். அவர் கண்ணாடியின் தடிமனைப் பார்த்து மற்றவர்கள் சோடாபுட்டி என்பார்கள். அவருக்கும் அது தெரியும்.

“சார், இதைக் குடிச்சா தூக்கம் எங்க போகுது?”

“எங்கயும் போகாது. உடம்புல களைப்புன்னு ஒண்ணு சேர்ந்துக்கிட்டே இருக்கும். மூளையில அதுக்குன்னு ஒரு சீட் உண்டு. அது வந்து உக்காந்தா நமக்குக் கொட்டாவி வரும். காபீன் பயலுக்கும் பாக்க அதே சாயல். முன்னாடியே ஏறி, துண்டு போட்டு, அந்த சீட்ல உக்காந்துக்குவான்.”

“அப்ப களைப்பு?”

“நிக்கும். எறங்கவா போகுது? நெரிசல் கூடிக்கிட்டே இருக்கும். இவன் எழுந்ததும் மொத்தமா வந்து உக்காரும்.” அவர் தானே சிரித்துக்கொண்டார். “ஜனங்க வைட்டமின்தான் தெம்பு தருதுன்னு நினைக்கறாங்க. பி ரெண்டு பாதி பாத்ரூமுக்கு மஞ்சளாப் போயிடும். பி மூணு அதிகமானா மூஞ்சி புதுப்பொண்ணு மாதிரி செவக்கும். பி ஆறுதான் கொஞ்சம் வம்பு. மாசக்கணக்கா அளவு மீறி உள்ள போச்சுன்னா விரல் நுனியெல்லாம் மரத்துப் போகும். அதான் தலையால அடிச்சுக்கறேன், துப்புங்க, துப்புங்கன்னு.”

அவள் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். கையுறை போட்டுக்கொண்டு இன்னொருவர் கையைத் தொடுவதுபோல் இருந்தது.

அதன் பிறகு அவள் துப்பினாள்.

நாக்கில் உருட்டி, துப்பி, தண்ணீரில் கொப்பளித்து, மறுபடி துப்பினாள். எத்தனையோ மாதமாக நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் மெல்ல மெல்ல வேகம் குறைந்தது. காதுக்குள் இருந்த இரைச்சல் வடிந்தது. அது வடிந்த பிறகுதான், வெள்ளம் இறங்கியதும் தரை தெரிவதுபோல, அதற்கு அடியில் இருந்த இன்னொரு சத்தம் கேட்டது. தள்ளுகதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். சாதாரண மூச்சு அல்ல. நீளமாக, ஈரமாக, தொண்டைக்குள் எதிலோ உரசிக்கொண்டு உள்ளே போய், இனி வரவே வராது என்று தோன்றும் அளவுக்கு நின்று, பிறகு ஒரு பெருமூச்சாக வெளியே வரும் மூச்சு. ஆழ்ந்த தூக்கத்தின் மூச்சு. கதவின் விளிம்பு வழியாகத் தலையணை வாடை கசிந்து வந்தது.

பேசக் கூடாது என்ற விதியை அவள் மீறினாள். “சார்? தூங்கிட்டீங்களா?”

மூச்சு நின்றது.

கதவு ஏறியது. கப்பை நகர்த்திய கை கெமிஸ்டுடையது அல்ல. மெலிந்த கை. பெருவிரலின் கீழே, பால் புட்டி கொதிக்கவைக்கும்போது அவள் சுட்டுக்கொண்ட அதே இடத்தில், அதே பிறை வடிவத் தழும்பு. புறங்கையில் போர்வைச் சுருக்கத்தின் கோடுகள் பதிந்திருந்தன, பல நாள் ஒரே பக்கமாகப் படுத்திருந்ததுபோல. அந்த விரல்கள் கப்பின் விளிம்பை மெல்ல, ஆசையோடு, ஒரு முழுச் சுற்றுத் தடவின. அவற்றுக்கு எல்லாம் தெரிந்தது. சூடு, ஈரம், வழுவழுப்பு. எல்லாம்.

கதவு இறங்கியது.

அவள் எழுந்து ஓடினாள். கூண்டிலிருந்து வெளியேறி, குளிர்ந்த நடைபாதையைச் சுற்றி, ஊற்றும் அறைக் கதவைத் தள்ளினாள். விளக்கு எரியவில்லை. யாரும் இல்லை. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தன் அறையில், கெமிஸ்ட் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். தள்ளுகதவை ஒட்டி ஒரு நாற்காலி போட்டிருந்தது. இருக்கையில் கை வைத்தாள். விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து கன்னத்தை வைத்தாள்.

சூடாக இருந்தது.

பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. வெளியே மழை. வீட்டுக்குப் போகும் திசையில், பளபளக்கும் தெருவின் கடைசியில், யாரோ அவசரமே இல்லாமல், கால்களை இழுத்து இழுத்து நடந்துபோய், திருப்பத்தில் மறைந்தார்கள்.

பேருந்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. உட்காரவில்லை. உட்கார்ந்தால் கண் மூடிவிடும். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை பிடித்திருக்கிறதா என்று அடிக்கடி திரும்பிப் பார்த்துக்கொண்டாள். நடுப்பகல்தான், ஆனால் மேகம் இறங்கிவந்து கடைகளில் எல்லாம் விளக்குப் போட்டிருந்தார்கள். சிக்னலுக்குச் சிக்னல் வண்டி நின்றது. ஒவ்வொரு முறை அது நின்றபோதும் அவளுடைய தலை தானாக முன்னால் சரிந்தது. ஒவ்வொரு சரிவிலும் ஒரு நொடி அவளுக்குத் தன் வீட்டின் உள்ளறை தெரிந்தது, மேலே மின்விசிறி, பக்கத்தில் சின்ன தலைமுடியின் எண்ணெய் வாசனை, இடுப்புக்குக் கீழே மெத்தையின் பள்ளம். யாருடைய கண் வழியாகவோ பார்ப்பதுபோல். படுத்தபடி பார்ப்பதுபோல்.

நாத்தனாருக்குப் போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

வீட்டுக் கதவு சாத்தாமல் கிடந்தது. நாத்தனார் ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தவள், அவளைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“என்ன அண்ணி, திரும்ப எப்ப வெளிய போனீங்க? சொட்டச் சொட்ட நனைஞ்சிருக்கீங்க!”

“நான் இப்பதான் வர்றேன்.”

“விளையாடாதீங்க. அப்பவே வந்து குஞ்சு பக்கத்துல படுத்துட்டீங்களே. கூப்பிட்டதுக்குத் திரும்பிக்கூடப் பாக்கல, கையை மட்டும் ஆட்டுனீங்க. சரி, மகாராணி இன்னைக்காவது கொஞ்சம் கண்ணசரட்டும்னுதான் நான் தலைக்குக் குளிக்கப் போனேன்.” அவள் சிரிப்பு பாதியில் நின்றது. “அண்ணி? ஏன் அப்படிப் பாக்கறீங்க?”

“குழந்தைகிட்ட யாரு இருக்கா?”

“நீங்கதானே…”

உள்ளறைக் கதவுக்கு அடியில் விளக்கு வெளிச்சம் கோடாகத் தெரிந்தது. கதவுக்குப் பின்னாலிருந்து அந்த மூச்சு. நீளமாக. ஈரமாக. வீட்டின் சுவரே மூச்சு விடுவதுபோல. நாத்தனாருக்கும் அது கேட்டிருக்க வேண்டும். துண்டு தலையிலிருந்து அவிழ்ந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை.

கதவைத் தள்ளினாள்.

கட்டில். சுவர் ஓரமாகக் குழந்தையின் மஞ்சள் துணி. அதற்கும் அவளுக்கும் நடுவில், முதுகைக் காட்டிக்கொண்டு, அவளுடைய போர்வைக்குள் ஒருத்தி. மெத்தை அந்த ஒருத்தி படுத்திருந்த இடத்தில் ஆழமாகக் குழிந்திருந்தது. ஒரு ஆள் கனத்துக்கு அப்படிக் குழியாது. எத்தனையோ இரவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தால்தான் குழியும். குழந்தை அந்தப் பள்ளத்தை நோக்கிச் சரிந்து, அந்த மார்போடு ஒட்டிக் கிடந்தான்.

அவன் மார்பு தெரியவில்லை.

அவள் காதைக் கூர்மையாக்கினாள். பெரிய மூச்சு. பெரிய மூச்சு. அதற்கு அடியில் ஒரு சின்ன மூச்சு இருக்க வேண்டும். பெரிய மூச்சு.

முழங்கால் கட்டிலில் பட்டது. குனிந்தாள். அந்தத் தோளுக்கு மேலாகக் கையை நீட்டினாள். விரல் அவன் மூக்கின் கீழே போய்ச் சேர்ந்தது. கண்ணால் பார்த்தாள், சரியான இடத்தில்தான் இருந்தது.

விரலுக்கு ஒன்றும் தெரியவில்லை.

உதடு. உதட்டை வைத்துப் பார்க்க வேண்டும். அதற்கு இன்னும் குனிய வேண்டும். போர்வையின் மேலே. அந்தச் சூட்டின் மேலே. கண் இமைகள் இறங்கின. உயர்த்தினாள். இறங்கின.

உள்ளங்கால். தட்டினால் போதும். போதும் என்றாரே. மஞ்சள் துணிக்குள் கையை விட்டுத் துழாவினாள். காலைப் பிடித்தாளா, துணியைப் பிடித்தாளா?

பெரிய மூச்சு நின்றது.

அறையில் வேறு எந்த மூச்சும் கேட்கவில்லை.

போர்வைக்குள் இருந்தவள் திரும்பவில்லை. தழும்பு உள்ள ஒரு கை மட்டும் மெல்ல எழுந்து, அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து, குழந்தையின் காலிலிருந்து விலக்கியது. பிறகு அவளுடைய சொந்தக் குரல், தூக்கத்தில் குழைந்து, அன்பாகச் சொன்னது:

“ஷ்ஷ்… இப்பதான் தூங்கினான். அந்த லைட்டை அணைச்சுட்டு, நீயும் வந்து படேன்.”