பேசும்போது கேட்காது

"அக்கா...!"

தம்பியின் அலறல் கட்டுப்பாட்டு அறையை உலுக்கியது.

அக்கா அசையவில்லை. செயற்கைக்கோளோடு பேசும் கருவிக்கு முன்னால், நாற்காலியிலேயே சரிந்து கிடந்தாள். கழுத்தில் ஹெட்போன் ஒயர் இறுகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் வந்தார். வந்த கையோடு தம்பிக்கு விலங்கு மாட்டினார்! கட்டடத்தில் வேறு ஆளே இல்லையே...

"நான் இல்ல சார்! என்னைத் தூக்கி வளர்த்தவ சார் அவ!"

"உன் மாமா வேற மாதிரி சொல்றாரே?"

மாமா, அக்காவின் கணவர். மலைமேல் இருக்கும் இன்னொரு நிலையத்தில் இன்ஜினியர். கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்தபடி நின்றார்.

"மலையிலேர்ந்து சாட்டிலைட் வழியா அவகிட்ட பேசிட்டிருந்தேன் சார். நடுவுல... 'விட்றா தம்பி'ன்னு அலறினா!"

தம்பி மாமாவையே பார்த்தான். இந்த ஒரு சாட்சி போதும்... ஆயுசு முழுக்கக் கம்பி எண்ண வேண்டியதுதான்!

சட்டென்று அவன் பார்வை கருவியின் மேல் விழுந்தது.

"மாமா... அந்த அலறல் நீங்க பேச்சை நிறுத்தினப்புறம் கேட்டுச்சா?"

"இல்லடா! நான் பேசப் பேச, என் குரலுக்கு மேல கேட்டுச்சு. கோர்ட்லயும் சொல்வேன்!"

"சார், மலைக்கு உங்க ஆளை அனுப்பிப் பேசச் சொல்லுங்க. ப்ளீஸ்!"

இன்ஸ்பெக்டர் முறைத்தார். ஆனாலும் அனுப்பினார்.

அடுத்த செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்தது. இன்ஸ்பெக்டர் கருவியின் பட்டனை அழுத்திப் பேசினார்.

"நான் பேசறேன். நீயும் கூடவே கத்து!"

பட்டன் அழுந்தியிருந்தவரை ஹெட்போனில் ஒரு சத்தமும் வரவில்லை.

பட்டனை விட்டார்.

"...தொண்டையே போச்சு சார்! கேக்குதா சார்?" மலையிலிருந்து போலீஸ்காரரின் குரல் வந்தது.

தம்பி உடைந்து அழுதான்.

"மாமா உருவாக்கின முறையில பேச ஒரு அலைவரிசை, கேக்க ஒரு அலைவரிசை. ரெண்டும் ஒண்ணா ஓடும். அக்கா ஒண்ணே போதும்னு நிரூபிச்சுட்டா சார்! அதுல மாத்தி மாத்தித்தான் பேச முடியும். இன்னிக்குக் காலையில இங்கிருந்தே ரெண்டு நிலையத்தையும் அவ முறைக்கு மாத்திட்டா. மாமா முறையை மேலிடம் குப்பையில போட்டுடுச்சு. அதுக்குத்தான் வீட்ல தினமும் சண்டை..."

மாமாவின் கர்ச்சீப் கீழே விழுந்தது.

"மலையில இருந்திருந்தா உங்களுக்கு இது தெரிஞ்சிருக்குமே சார்!" இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "நீங்க இருந்தது இந்த ரூம்ல... அவ கழுத்துக்குப் பின்னால!"

விலங்கு கை மாறியது.

தம்பி அக்காவின் குளிர்ந்த விரல்களைப் பிடித்துக்கொண்டான். அவள் போட்ட பட்டன் அவனைக் காப்பாற்றிவிட்டது. அவளை யாரும் காப்பாற்றவில்லை.

"நான்... நான் என்ன சொல்ல வந்தேன்னா..." மாமா திணறினார்.

"நீங்க பேசினது போதும் சார்," என்றார் இன்ஸ்பெக்டர். "இனிமே பட்டன் ஜட்ஜ் கையில!"