பின்பாரம்

படம் எடுக்கிறவனை நான் நம்புவதில்லை. அவன் உங்களைப் பார்ப்பதில்லை. உங்களுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிறான்.

அறுபத்தெட்டாம் வருஷம், சித்திரை மாதம். காஞ்சிபுரத்தில் நான் ஜட்கா ஓட்டிக்கொண்டிருந்தேன். அன்று காலை வண்டிகள் நிற்கிற இடத்தில் ஒரே பேச்சு. சின்ன காஞ்சிபுரத்தில் பூ விற்கிற செல்லியம்மாள் குளத்துப் படியில் செத்துக் கிடந்தாளாம். கிடந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. நின்றாள். இடுப்பில் பூக்கூடை, கண் இரண்டும் திறந்தபடி, எதன்மேலும் சாயாமல் நின்றுகொண்டிருந்தாள். போலீஸ்காரர் தோளைத் தொட்ட பிறகுதான் உடம்பு சரிந்ததாம்.

“நெஞ்சு வலியா இருக்கும்பா” என்றான் பக்கத்து வண்டிக்கார முனிசாமி.

“நெஞ்சு வலி வந்தவ நின்னுக்கினேவா சாவா? போடா, வேலையப் பாரு” என்றேன்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தான். கண்ணாயிரம் என்று பேர் சொன்னான். திருநெல்வேலிப் பக்கத்தவனாம். முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறான். ஒரு மரப்பெட்டிக் கேமரா, மூன்று கால் ஸ்டாண்டு, தோள்பட்டையில் தோல்பை. செவிலிமேட்டைத் தாண்டிப் பாலாற்றங்கரையில் கூரை போன மண்டபம் ஒன்று இருக்கிறதே, அங்கே போக வேண்டும் என்றான்.

“அங்க இன்னா இருக்குது பாக்க? ஓணான்தான் இருக்கும்.”

“படம் எடுக்கணும். வெளிநாட்டுப் பத்திரிகைக்கு.”

எனக்கு உடனே சந்தேகம். அந்தக் காலத்தில் இப்படித்தான் ஒருத்தன் வந்து கோயில் கோயிலாகப் படம் எடுத்துப் போவான். கொஞ்ச நாளில் சிலை காணாமல் போகும். இருந்தாலும் சவாரி சவாரிதான். செவிலிமேட்டில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும் என்று என் பெண்டாட்டி அங்கம்மாளும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் எங்களுக்குப் பின்னால், வைக்கோல் பரப்பில்.

வண்டி கிளம்பியதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஜட்காவுக்கு இரண்டே சக்கரம். பின்னால் கனம் கூடினால் குதிரையைப் பூட்டுகிற முன்கட்டை இரண்டும் மேலே தூக்கும். குதிரையின் வயிற்று வார் இறுகிச் சதையில் பதியும். அதற்குப் பின்பாரம் என்று பெயர்.

“சார், முன்னால நவுந்து உக்காருங்க. பின்பாரமா இருக்குது.”

“முன்னாலதான்யா உக்காந்திருக்கேன்.”

என் முதுகில் அவன் முழங்கால் இடித்தது. திரும்பிப் பார்த்தேன். எனக்கு ஒட்டினாற்போலத்தான் இருந்தான். பெட்டி, பை எல்லாமே முன்னால். பின்னால் வெறும் வைக்கோல். ஆனால் வண்டியின் கடைசியில் அந்த வைக்கோல் அமுங்கியிருந்தது. புளித்த கஞ்சி மாதிரி ஒரு நாற்றமும் வந்தது.

“இன்னாய்யா நாத்தம்?”

“படம் கழுவுற மருந்து” என்றான். பின்னால் அவன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

வழியெல்லாம் பீற்றல். எகிப்துக்குப் போனானாம். பனிமலையில் ஏறினானாம். ஆப்பிரிக்காவில் யானைக் கூட்டத்துக்கு எதிரே நின்று படம் எடுத்தானாம்.

“அத்தினி ஊர் சுத்தினீங்களே, ஒரு ஊர்லயும் சோறு போடலியா? ஒட்டடைக்குச்சி மாதிரி இருக்கீங்க” என்றாள் அங்கம்மாள்.

அவன் சிரிக்கவில்லை. “ஒரு கோபுரத்தைத் தனியா எடுத்தா அது எவ்வளவு உசரம்னு பாக்கிறவனுக்குத் தெரியாதும்மா. பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும். அளவுக்கு ஒரு ஆள். எந்த நாட்டுக்குப் போனாலும் அந்த ஊர்க்காரங்க ஒருத்தரை நிறுத்திருவேன்.” என் தோளைத் தட்டினான். “நீங்க நிக்கிறீங்களா?”

“குதிரைய எவன் புடிச்சிக்கினு இருப்பான்? உங்க தாத்தாவா?”

“நான் நிக்கறேன் சார்” என்றாள் அவள். “கல்யாணத்துக்குக்கூட இந்த மனுசன் என்னை ஒரு படம் எடுக்கல.”

“வாய மூடிக்கினு வா.”

“உனக்கு இன்னாய்யா காந்துது? நான் நிப்பேன்.”

செவிலிமேட்டில் அவள் இறங்கவே இல்லை. ஆற்றங்கரைக்குப் போனபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. ஆற்றில் சொட்டுத் தண்ணீர் இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் மணல், அதன் மேல் கானல் நெளிந்தது. ஒரு காக்காய் இல்லை. மணல் விளிம்பில் கறுத்த தூண்களோடு அந்த மண்டபம்.

வண்டியைப் பனைமரத்தடியில் நிறுத்தினேன். அவன் இறங்கினதும் முன்கட்டை சட்டென்று தாழ்ந்தது. ஒட்டடைக்குச்சி ஒருத்தன் இறங்கினதற்கு அவ்வளவு தாழக் கூடாது.

“இந்தப் பையை நிழல்ல வைங்க” என்று தோல்பையை என்னிடம் கொடுத்துவிட்டு, அங்கம்மாளை அழைத்துக்கொண்டு போனான். தூணுக்கு முன்னால் அவளை நிறுத்தினான். தள்ளி வந்து ஸ்டாண்டை ஊன்றி, பெட்டியை ஏற்றி, கறுப்புத் துணியைப் போட்டுத் தலையை உள்ளே நுழைத்துக்கொண்டான். அந்தப் பெட்டியின் பின்கண்ணாடியில் எதிரே இருப்பதெல்லாம் தலைகீழாகத் தெரியுமாம்.

“அசையாம நில்லுங்கம்மா.”

நான் பையைத் திறந்தேன். உள்ளே திருட்டுச் சிலை ஏதாவது இருக்கும் என்று நினைத்தேன். இருந்ததெல்லாம் படங்கள்.

பாலைவனத்தில் ஒரு பெரிய கல்கோபுரம். அதன் அடியில் தலைப்பாகைக்காரன் ஒருத்தன். அவனுக்கு வெகு தூரம் பின்னால், மணலில், கறுப்பாக இன்னொருத்தன்.

பனிமலை. முதுகில் விறகோடு ஒரு பொம்பளை. அவளுக்குப் பின்னால், முன்பைவிடக் கிட்டத்தில், அதே ஆள். ஒரு தோள் மட்டும் தாழ்ந்திருந்தது.

புல்வெளியில் யானைகள். முன்னால் ஈட்டி பிடித்தவன். அவன் தோளுக்குப் பக்கத்திலேயே அந்தத் தாழ்ந்த தோள். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. துடைத்தெடுத்த மாதிரி இருந்தது.

கடைசிப் படம் இன்னும் ஈரமாக இருந்தது. அதில்தான் அந்தப் புளித்த நாற்றம்.

குளத்துப் படிக்கட்டு.

இடுப்பில் பூக்கூடையோடு செல்லியம்மாள் நின்றாள்.

அவள் தோளில் ஒரு கை இருந்தது.

படங்களை மணலில் போட்டுவிட்டு ஓடினேன். “யோவ்! நிறுத்துய்யா! யாருய்யா அது, எல்லாப் படத்துலயும் பின்னால நிக்கிறது?”

துணிக்குள்ளிருந்து மெதுவாகப் பதில் வந்தது. “கத்தாதே. யாராவது ஒருத்தர் அங்க நின்னா, அவன் அவங்ககிட்ட போயிருவான். என்கிட்ட வரமாட்டான்.”

“நின்னவங்க எல்லாம் இன்னா ஆனாங்க?”

“நான் திரும்பிப் போய்ப் பாத்ததில்ல.”

அவனை அடிக்க நேரமில்லை. மண்டபத்தைப் பார்த்து ஓடினேன். உச்சிப்பொழுது. தூண்களுக்கு நிழல் இல்லை. எனக்கும் நிழல் இல்லை. அங்கம்மாளுக்குப் பின்னால் மட்டும் கறுப்பாக ஒன்று எழுந்து நின்றது.

“ஏய் அங்கம்மா!”

அவள் திரும்பவில்லை.

“அடியே, வாடி இப்படி!”

அவள் திறந்த கண்ணின் மேல் ஒரு ஈ உட்கார்ந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நடந்தது. அவள் இமைக்கவில்லை.

கையைப் பிடித்தேன். அந்த வெயிலில் கை கிணற்றுக் கல் மாதிரி சில்லென்றிருந்தது. ஒரே இழுப்பு. இரண்டு பேரும் மணலில் விழுந்தோம். அவளுக்கு மூச்சு வந்தது, தண்ணீரிலிருந்து எழுந்தவள் போல.

“யாருய்யா… என் தோளப் புடிச்சது?”

அதற்குள் அங்கிருந்து கண்ணாயிரம் அலறினான். தலை இன்னும் துணிக்குள்தான் இருந்தது.

“அவங்கள நிறுத்துய்யா! அந்த இடத்தைக் காலியா விடாதே!”

“நீ போயி நில்லுடா அங்க!”

“யாராவது நில்லுங்க… வரான்… கண்ணாடியில தெரியுது… தலைகீழா வரான்…”

“துணிய எடுத்துட்டு வெளிய வாடா!”

“எடுக்க முடியல” என்றான். இப்போது வெறும் முணுமுணுப்பு. “உள்ள வேற யாரோ இருக்காங்க.”

துணிக்குக் கீழே பார்த்தேன். அவனுடைய பூட்ஸ் இரண்டு.

அவற்றுக்குப் பின்னால், ஒட்டினாற்போல, வெறுங்கால் இரண்டு. மணலில் கணுக்கால் வரை புதைந்திருந்தன.

அங்கம்மாள் என் கையில் நகம் பதியப் பிடித்துக்கொண்டாள்.

துணி ஒருமுறை உள்வாங்கியது. பிறகு ஆடவில்லை. மூச்சுக்குக்கூட ஆடவில்லை. மறுபடி பார்த்தபோது பூட்ஸ் மட்டும்தான் இருந்தது. அவன் குனிந்தபடியே, துணிக்குள் தலையோடு, நின்றுகொண்டிருந்தான். மறுநாள் போலீஸ்காரர்கள் வந்து தொடுகிற வரைக்கும் அப்படியேதான் நின்றானாம். நான் தொடவில்லை. தொட்டிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்களை அந்த மண்டபத்துக்கு முன்னால் போய் நிற்கச் சொல்வேன்.

பனைமரத்தடியில் குதிரை கனைத்தது. அது பயந்த கனைப்பு.

அங்கம்மாளைத் தூக்கி முன்பலகையில் உட்கார வைத்தேன். நானும் ஏறிச் சாட்டையைச் சொடுக்கினேன். ஆற்றங்கரை மண்பாதை, பட்டப்பகல், வழியில் ஆள் நடமாட்டம் இல்லை. வண்டியில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேரும் முன்னால். முன்பாரத்தில் குதிரையின் முதுகு அமுங்க வேண்டும்.

அமுங்கவில்லை.

முன்கட்டை மேலே தூக்கிக்கொண்டே போனது. வயிற்று வார் சதையில் பதிந்து ரத்தம் கசிந்தது. குதிரை வாயில் நுரை.

புளித்த கஞ்சி நாற்றம்.

“யாரோ மூச்சு வுடறாங்கய்யா” என்றாள் அங்கம்மாள், காதருகே.

“திரும்பாத. எது கூப்ட்டாலும் திரும்பாத.”

மேட்டில் ஏறும்போது குதிரை நடக்க முடியாமல் நின்றுவிட்டது. இன்னும் கொஞ்சம் தூக்கினால் வண்டி பின்பக்கமாகக் குடை சாய்ந்துவிடும். வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய வாய் இது. நான் நினைப்பதற்குள் அது பேசிவிட்டது.

“முன்னால நவுந்து உக்காருங்க.”

அங்கம்மாள் என் தொடையைக் கிள்ளினாள்.

பின்னால் வைக்கோல் சரசரத்தது.

முன்கட்டை மெல்லத் தாழ்ந்தது. வார் தளர்ந்தது. குதிரை நடக்க ஆரம்பித்தது.

என் முதுகில் ஒரு முழங்கால் இடித்தது.