மூணு மாநிலக் கல்லில் ஒரு குரல்

"ஏங்க, கல்லுல சாயாதீங்க. பெயின்ட் இன்னும் காயல."

கல்லுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்தவனின் கரகரத்த குரல். அவள் பதறி விலகுவதற்குள் துப்பட்டாவில் மஞ்சள் அப்பிக்கொண்டது.

"ஒரு அட்டையாவது எழுதி வெக்கக் கூடாதா?"

"வெச்சிருக்கேனே. அதுமேலதான் உங்க பை இருக்கு."

வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள். இன்று சிரிக்க மனசு எங்கே இருக்கிறது? "பத்தே நிமிஷம்" என்று காரை ஓரங்கட்டியிருந்தான் அண்ணன். மூன்று மாநில எல்லையும் சேருகிற கல்... ஆளாளுக்கு இங்கே ஒரு கால், அங்கே ஒரு கால் வைத்துப் படம் எடுக்கிற கல். தங்கச்சிக்கும் அந்த ஆசைதான் என்று நினைத்துவிட்டான், பாவம்.

அவள் வந்தது ஒரு ஆளைத் தேடி. பெயர் தெரியாது, முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

ஆம்புலன்ஸ் கண்ட்ரோல் ரூமில் போன் எடுப்பது அவள் வேலை. இந்த வளைவில் எந்த வண்டி மோதினாலும் கூப்பிடுவது இங்குள்ள பஞ்சர் கடைக்காரர்தான். இரண்டு வருஷமாக, "மேடம், நான்தான்..." என்று நிதானமான, இதமான குரல். ஐந்து வாரத்துக்கு முன்னால் அதே குரல், "லாரி தீப்பிடிச்சிருச்சு, டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டார். நான் போறேன்" என்றது. போகாதீங்க என்று இவள் கத்தியது கேட்டதோ இல்லையோ... லைன் போய்விட்டது. அன்றிலிருந்து அந்த நம்பர் சுவிட்ச் ஆஃப். ஒருத்தர் பிழைத்தார் என்றார்கள். யார் என்று சொல்ல ஆளில்லை.

"இங்க பஞ்சர் கடை வெச்சிருந்தவர்..." சுற்றும் பார்த்தாள். "இருக்காரா?"

பிரஷ் நின்றது. அவன் நிமிர்ந்தான். தூக்கம் கெட்ட, கருகருவென்ற கண்கள்... அவள் பேசிய முதல் வார்த்தையிலேயே அவளைக் கண்டுகொண்ட கண்கள். அது அவளுக்கு எப்படித் தெரியும்?

"அவரு... இப்ப இல்லீங்க."

அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தூறல் ஆரம்பித்தது. அவள் தேம்பியதைப் பார்க்க முடியாமல் அவன் பிரஷ்ஷைப் போட்டுவிட்டு ஓடி வந்தான்.

"அழாதீங்க. நான்தான் அது."

"பொய். அவர் குரல் எனக்குத் தெரியும்."

"புகை உள்ள போயிடுச்சுங்க. இனிமே இதுதான் வருமாம். போனை வெக்கும்போதெல்லாம், 'நீங்க தள்ளி நில்லுங்க'ன்னு சொல்வீங்க. அன்னிக்கு அதைக் கேக்காம ஓடிட்டேன். டிரைவரும் பொழைச்சிட்டார்."

அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே... "அஞ்சு வாரம்! வேற போன்ல ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நாலு தடவை பண்ணேன். உங்க ஹலோ கேட்டதும் வெச்சிட்டேன். நீங்க கேட்டுப் பழகின குரல் வேற. இதை வெச்சுக்கிட்டு எப்படிப் பேசறது?"

"குரலைத் தேடியா வந்தேன்? உயிரோட இருக்கீங்களான்னு பாக்க வந்தேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் திட்டுங்க. பாதி விபத்து உங்க மாநிலத்துலயே இல்ல. அந்தப் பக்கத்து கண்ட்ரோல் ரூமுக்குச் சொல்லி, ஆம்புலன்ஸ் கிளம்பினப்புறம்... கல்லைச் சுத்தி வந்து உங்களுக்கும் போன் பண்ணுவேன். இந்தப் பக்கம் நின்னாதான் உங்க லைன் கிடைக்கும்."

"தெரியும். அந்த கண்ட்ரோல் ரூம்காரங்களே சொன்னாங்க."

"அப்போ ஏன் ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே..." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு உங்களைப் பிடிக்கும். இந்தக் குரலோட, இப்படியே."

மழை வலுத்தது. ஹாரன் அடித்துச் சலித்த அண்ணன் காரிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தான். அவள் அவசரமாக எழுந்தாள். "அண்ணன்கிட்ட என்ன சொல்றதுன்னே தெரியல..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றான் அவன், அந்தக் கரகரத்த குரலை மறைக்காமல். "நானே பேசறேன்."